ஒற்றைக் கண்ணுக்கு ஒரு கண்ணாடி

தாம்பரத்தில் கார் ஓட்டப் படித்த பெண்களில் பாதிப் பேருக்குப் பஷீரா மேடத்தைத் தெரியும். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வெகு காலமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் உட்காரும் இடது பக்கத்தில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. ஒருமுறை இரும்புலியூர் உள்தெருவில் தண்ணீர் லாரி ஒன்று எதிரே வர, ஓட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூட டீச்சர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பஷீரா ஒரு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, காலால் பிரேக்கை மிதித்து, வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "முகத்தை வீட்டுக்குப் போய்ப் பொத்திக்கலாம் மேடம். ஃபர்ஸ்ட் கியர் போடுங்க" என்றாள். டீச்சர் அழுதுகொண்டே கியர் போட்டார்.

அப்படிப்பட்டவளுக்குப் பயம் என்ற ஒன்று நாற்பது வயதுக்கு மேல்தான் அறிமுகமானது. வந்ததும் சும்மா இருக்கவில்லை. சமையலறையில் கடுகு வெடித்தால் பயம். கொடியில் காயும் துணிக்கு மாட்டும் கம்பி ஹேங்கரைப் பார்த்தால் பயம். தெருவில் பிள்ளைகள் ஷட்டில் காக் ஆடினால், "அந்தப் பக்கம் போய் ஆடுங்கடா" என்று விரட்டுவாள். வீட்டில் கூராக இருந்ததெல்லாம் அவள் புருஷன் அயூபின் இடது கண்ணைக் குறிவைத்தே இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றும். இடது கண்ணுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு இருந்ததே அந்த ஒன்றுதான்.

வலது கண் போன கதையைச் சொல்ல வேண்டும்.

அயூபுக்கு மேற்குத் தாம்பரத்தில் கார் சீட்டுக்கு ரெக்சின் கவர் தைத்துப் போடும் கடை. நாளெல்லாம் குனிந்த முதுகு, பக்கத்திலேயே டீக்கடை, கூப்பிட்டால் வரும் பஜ்ஜி. சுகர் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். "சும்மா நடன்னா எங்க நடக்கறது? போறதுக்கு ஒரு எடம் வோணும்ல" என்று அயூப் நடக்கவே இல்லை. அந்தச் சமயத்தில் சீட் கவர் மாற்ற வந்தான் ஷ்யாம்சுந்தர். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கார் கூரைமேல் தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். மலையிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்த மவுண்டன் பைக். கவர் தைத்து முடிப்பதற்குள் அதை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த அயூபுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதமே பழைய மவுண்டன் பைக் ஒன்று வீட்டு வாசலில் நின்றது.

தாம்பரத்தில் மலைக்கு எங்கே போவது? செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு தடம், மாடம்பாக்கம் தாண்டிச் செம்மண் மேடு, கல்லும் முள்ளுமாக ஒரு கரை, அவ்வளவுதான். ஞாயிறு விடிந்தால் கிளம்பிவிடுவார்கள். மழை பெய்தால் இன்னும் குஷி. ஊரே பேண்ட்டை மடித்துக்கொண்டு தாண்டிப் போகும் சேற்றை இவர்கள் தேடிப் போய் அதில் புரண்டுவிட்டு வருவார்கள். துணி துவைப்பவள் பஷீரா. ஆனாலும் அவள் ஒன்றும் சொன்னதில்லை. சுகர் இறங்கியிருந்தது, மனுஷனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அயூப் பிளாட்பாரத்தில் வாங்கிய கறுப்புக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போனான். மேகமூட்டத்தில் பள்ளமும் மேடும் தெரியவில்லை. கழற்றிச் சட்டையில் மாட்டிக்கொண்டான். முன்னால் போன ஷ்யாமின் பின்சக்கரம் வாரியடித்த சேற்றில் ஒரு துளி, உள்ளே ஒரு புல்லின் துணுக்கோடு, அவன் வலது கண்ணில் விழுந்தது. கழுவினான், கசக்கினான், வீட்டுக்கு வந்தான். சாயங்காலம் கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

பஷீராவின் தம்பி அக்தர் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். "இது போட்டா சரியாயிடும் மச்சான்" என்று ஒரு சொட்டு மருந்து கொடுத்தான். இங்கே எந்த வீட்டில்தான் கண் சிவந்ததும் டாக்டரிடம் ஓடுகிறார்கள்? மருந்து போட்டதும் சிவப்பு குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். சிவப்புத்தான் குறைந்தது, உள்ளே இருந்தது வளர்ந்துகொண்டிருந்தது. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்த பிறகுதான் கண் டாக்டர் ஞானாம்பாளிடம் போனார்கள். அவர் மருந்துப் புட்டியை வாங்கிப் பார்த்தார். "சேத்துல இருந்து பூஞ்சை ஏறியிருக்கு. இந்த மருந்து அதுக்கு எருப் போட்ட மாதிரி" என்றார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மணிக்கொரு சொட்டு. கடைசியில் வலது கண்ணில் வெளிச்சம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. அக்தர் அதன் பிறகு அக்கா வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனான்.

சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நின்றது. பஷீரா தினம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனாள். இந்த வருஷம் அயூபின் சுகர் மறுபடி ஏறியது. முகம் சுண்டிப்போனது. கடையில் ஊசி கோக்கத் தடுமாறி மிஷினை ஓங்கி அடித்ததாக வாடிக்கையாளர் ஒருவர் வந்து சொன்னார். கண் பரிசோதனைக்குப் போனபோது அயூப் டாக்டரிடமே கேட்டுவிட்டான்.

"மேடம், நான் சைக்கிள் ஓட்டலாமா?"

டாக்டர் முடியாது என்று சொல்லிவிடுவார், பழியும் அவர்மேல் போய்விடும் என்று நம்பிக்கொண்டு நின்றாள் பஷீரா.

"ஓட்டுங்க. ஓட்டாம இருந்தா சுகர் வந்து இந்தக் கண்ணையும் பார்க்கும்" என்றார் ஞானாம்பாள். "ஆனா உடையாத பிளாஸ்டிக்ல கண்ணாடி. கண்ணு முன்னாடி அது இல்லாம வீட்டு வாசலைக்கூடத் தாண்டக் கூடாது."

வெளியே வந்ததும் பஷீரா சொன்னாள்: "கண்ணாடியை நான்தான் செலக்ட் பண்ணுவேன்."

"பண்ணு."

"நான் சரின்னு சொல்ற வரைக்கும் சைக்கிளைத் தொடக் கூடாது."

"இன்னா பேஜாருடா இது" என்றான் அயூப். ஆனால் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது, அதனால் அவளுக்கு மறுக்கவும் வழியில்லாமல் போனது.

நாவலூரில் சைக்கிள் சாமான் விற்கும் பெரிய கடைக்கு ஷ்யாம்சுந்தர்தான் அழைத்துக்கொண்டு போனான். வலது கண் போன நாளிலிருந்து அவன் அயூபின் வீட்டில் தரையைப் பார்த்தே பேசுகிறவன். கடையில் சுவர் முழுக்கக் கண்ணாடி. கறுப்பு வேண்டாம் என்று பஷீரா எடுத்த எடுப்பில் ஒதுக்கினாள். வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் ரகம் ஒன்றைக் காட்டினார்கள். மரத்தடியில் நுழைந்ததும் அது வெளுக்க நேரம் பிடித்தது. அந்த நேரத்துக்குள் என்னென்ன நடக்கலாம் என்று அவள் மனம் ஓடியது, அதையும் வைத்துவிட்டாள். நிறமே இல்லாத கண்ணாடிதான் என்று முடிவானது. அதிலும் மூன்று விதம். கீழ் விளிம்பு இல்லாமல் இலேசாக இருந்தது ஒன்று. கன்னத்தை ஒட்டி வளைந்து, கீழ் விளிம்பில் மட்டும் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்தது இன்னொன்று. மூன்றாவது மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்கள் போடுவதுபோல் மூக்கிலிருந்து நெற்றிவரை மூடி, தலைக்குப் பின்னால் பட்டை போட்டு இறுக்குவது. கடைக்காரப் பெண் ஒவ்வொன்றின் அருமை பெருமையையும் சொன்னாள். பஷீரா ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள், வளைத்துப் பார்த்தாள். யாரையும் நம்புகிற நிலையில் அவள் இல்லை. மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வந்து நின்றது. உள்ளே ஏரிக்கரையிலிருந்து அள்ளிவந்த செம்மண் சேறு. அயூப் மேலே வந்தபோது பஷீரா கண்ணைச் சுற்றி முகப் பவுடரை அப்பிக்கொண்டு, முதல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு குவளையைக் கொடுத்தாள்.

"ஊத்துங்க. ஊத்தக் கூடாது, அடிக்கணும். டயர்ல இருந்து வர்ற மாதிரி, கீழேந்து."

"உனக்கு மூளை கீதா? நான் போட்டுக்கறேன், நீ அடி."

"உங்களுக்கு ஒண்ணுதான் இருக்கு. எனக்கு ரெண்டு இருக்கு."

அயூப் குவளையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. முதல் வீச்சு தண்ணீர்த் தொட்டியில் போய் அடித்தது. இரண்டாவது அவள் தோளில். மூன்றாவது நேராக முகத்தில். ஒவ்வொரு வீச்சுக்கும் பஷீராவின் கை ஸ்டூலை இறுகப் பிடித்தது. பயந்துதான் இருந்தாள். இருந்தாலும் கண்ணை மூடவில்லை, மூடினால் சோதனைக்கு அர்த்தமில்லை.

விளிம்பில்லாத கண்ணாடியில் சேறு கீழிருந்து ஏறி இமை வரைக்கும் வந்திருந்தது. அது போயிற்று. ஸ்பாஞ்ச் வைத்ததில் மூக்கோரத்தில் இரண்டு பொட்டு. கண்ணுக்குள் எதுவும் வரவில்லைதான். ஆனால் இரண்டு பொட்டு, பொட்டுத்தானே? அதுவும் போயிற்று. மூன்றாவதில் முகமெல்லாம் சேறு, கண்ணைச் சுற்றிப் பவுடர் வைத்தது வைத்தபடி. மேலே காற்றுக்காக விட்டிருந்த துளைகள் வழியாக மட்டும் ஈரம் ஒரு கோடாக இறங்கியிருந்தது.

"இந்தத் துளையை அடைச்சிட்டா?" என்றாள் பஷீரா.

அதைக் கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டாள். வெயில் மழை காற்று எதுவும் புகாமல் அடைப்பதே அயூபின் தொழில். கடையிலிருந்து நைஸான ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து, நூலளவு கீற்றாக வெட்டி, பசை தடவி, மேலும் கீழும் இருந்த துளைகளை அடைத்தான். கம்பெனியிலிருந்தே அப்படி வந்ததுபோல் இருந்தது. மறுபடி மாடியில் சோதனை. முழுக் குவளைச் சேறு. ஒரு சொட்டு உள்ளே இல்லை. பஷீரா அன்றைக்குத்தான் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு விட்டமாதிரி உணர்ந்தாள்.

ஆனாலும் விடவில்லை. கிளம்புவதற்கு முந்தைய நாள் அவனிடம் சத்தியம் வாங்கினாள். என்ன ஆனாலும் சரி, திரும்பி வீட்டு வாசலுக்கு வருகிற வரைக்கும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. போன தடவை கழற்றித்தானே கண் போனது? அயூப் அல்லாஹ்மேல் சத்தியம் செய்தான். அப்படிச் சத்தியம் செய்தால் அவன் மாறமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். கூடவே இன்னொரு சட்டமும் போட்டாள்: அவனுக்கு முன்னால் எந்தச் சக்கரமும் போகக் கூடாது. ஷ்யாம்சுந்தர் பின்னால்தான் வர வேண்டும். அவன் பின்னால் ஸ்கூட்டியில் அவளே வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினார்கள். இரவு பெய்த மழையில் மாடம்பாக்கத்தைத் தாண்டியதும் மண் குழைந்து கிடந்தது. காற்றே இல்லை. ஊர் முழுக்கத் துணி காயாத நாள் ஒன்று இருக்குமே, அந்த மாதிரிப் புழுக்கம். செம்மண் தடத்தில் அயூப் இறங்கினான். அவன் முதுகு நிமிர்ந்திருந்தது. சேறு முழங்கால்வரை வாரியடிக்க, பள்ளங்களை வளைந்து வளைந்து தாண்டிக்கொண்டு போனான். ஷ்யாம்சுந்தர் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று பஷீரா கையால் சைகை செய்தாள்.

தடம் ஏரிக்கரைமேல் ஏறியது. இடது பக்கம் நிரம்பிய ஏரி. வலது பக்கம் சரிவு, சரிவு முழுக்கச் சீமைக்கருவேல முள். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். ஏற்றத்தில் அயூப் மூச்சு வாங்க மிதித்தான். கரை உச்சிக்கு வந்ததும் அவன் முன்சக்கரம் லேசாக அலைந்தது. சறுக்குகிறது என்று முதலில் நினைத்தாள். சக்கரம் சறுக்கவில்லை. நேராகத்தான் போனது, ஆனால் தடம் வளைந்த இடத்திலும் நேராகவே போனது.

அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. மழை நாளில் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு ஓட்ட வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அவள் முதலில் சொல்கிற பாடம் அது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கும்மா, இல்லேன்னா நீ விடுற மூச்சே முன்கண்ணாடியை மறைச்சிடும். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். அயூபின் கண்ணாடியில் ஒரு துளை விடாமல் அடைக்கச் சொன்னதும் அவள்தான். மாடியில் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து சோதித்தாள். மூச்சிரைக்க, வேர்த்து ஒழுக மிதிக்கிற மனுஷனின் முகத்தில் அது என்ன செய்யும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. உள்ளே புகை மூட்டியதுபோல் வெள்ளையாக இருக்கும். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. கழற்றவும் மாட்டான். சத்தியம்.

"கழட்டுங்க" என்று கத்தினாள். "கண்ணாடியக் கழட்டுங்க."

ஹெல்மெட்டும் மூச்சிரைப்பும் தாண்டி அவனுக்குக் கேட்கவில்லை. நின்று காலை ஊன்றினால் எந்தப் பக்கம் முள், எந்தப் பக்கம் தண்ணீர் என்று தெரியாமல், காற்றுப் பட்டால் தெளியும் என்று நம்பி, அவன் இன்னும் வேகமாக மிதித்தான். பிறகு அவனே சொன்னது இது. அப்போது பஷீராவுக்குத் தெரிந்ததெல்லாம், முன்சக்கரத்துக்கும் ஏரிக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை என்பதுதான். அவள் வலது கை தானாக ஆக்ஸிலேட்டரை முறுக்கியது.

ஷ்யாம்சுந்தரைத் தாண்டினாள். முள் கிளை துப்பட்டாவைக் கிழித்தது. அயூபின் வலது பக்கமாக, அவனுக்குப் பார்வையில்லாத பக்கமாக, உரசிக்கொண்டு முன்னால் போய், "கழட்டுங்க" என்று மறுபடி கத்தினாள். இந்தத் தடவை அவனுக்குக் கேட்டது. ஒரு கையால் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினான். அதே நொடியில் அவள் ஸ்கூட்டியின் பின்சக்கரம் சேற்றில் வெறுமனே சுழன்று, செம்மண்ணை வாரி அவன் முகத்தில் அடித்தது.

சைக்கிள் கரைமேலேயே சாய்ந்தது. பஷீரா வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அயூப் சேற்றில் உட்கார்ந்திருந்தான். முகம் முழுக்கச் சிவப்பு. இடது கண் இறுக மூடியிருந்தது. வலது கண் திறந்திருந்தது, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"பஷீரா," என்றான், கையை முன்னால் நீட்டித் துழாவியபடி. "எங்க கீற?"

"இங்கதான். இங்கதாங்க இருக்கேன்." கையைப் பிடித்தாள்.

"ஒண்ணும் தெரியல."

"கசக்காதீங்க. கையை எடுங்க. கசக்காதீங்க."

குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில் அத்தனையையும் கண்ணில் மெதுவாக ஊற்றினாள். ஷ்யாம்சுந்தர் வெளுத்த முகத்தோடு ஓடிவந்து, பையைத் துழாவி, "அக்கா, என்கிட்ட ஐ டிராப்ஸ் இருக்கு" என்றான். "அதைத் தூக்கி ஏரில போடு" என்றாள் பஷீரா. அவளுக்கே அது தன் குரல்தானா என்று இருந்தது. இரண்டாவது பாட்டிலும் காலியானது. அயூப் கண்ணைத் திறக்கப் பார்த்தான். உள்ளே உறுத்துகிறது என்று மறுபடி மூடிக்கொண்டான்.

ஸ்கூட்டியின் பின்னால் அவனை உட்காரவைத்து, துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தாம்பரம்வரை ஓட்டிவந்தாள். வழியெல்லாம் அவன் நெற்றியை அவள் முதுகில் வைத்திருந்தான். யா அல்லாஹ், ஒன்று கொடுத்தாய், அதை என் கையாலேயே பிடுங்காதே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லச் சொல்ல இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஞானாம்பாள் வந்தார். மேல் இமையை மடக்கித் திருப்பி, ஒரு துணுக்குப் புல்லை எடுத்தார். மறுபடியும் புல். ஆரஞ்சு நிறத் தாள் ஒன்றால் கண்ணில் சாயம் தொட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது.

"கீறியிருக்கு. ஆழமில்ல" என்றார். "ஆனா சேறும் புல்லும் பட்டது. இப்பவே நல்லாயிருக்குன்னு சொல்ல மாட்டேன். தினம் வாங்க. வெள்ளையா எதுவும் தெரியாத வரைக்கும் சரி. எப்படிப் பட்டுச்சு?"

பஷீரா வாயைத் திறந்தாள்.

"என் முன்சக்கரத்துலேந்துதான் மேடம்" என்றான் அயூப்.

அவனுக்குத் தெரியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். கண்ணாடி மூடியிருந்தது, அவள் போனதோ குருட்டுப் பக்கம். குரல் கேட்டிருக்கும், அது முன்னாலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? ஷ்யாம்சுந்தர் பார்த்தான், அவன் சொல்ல மாட்டான். நிம்மதிக்குப் பதில் வெட்கம்தான் வந்தது. சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கண் சரியானால் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டாள். சரியாகாவிட்டால் என்ன என்ற கேள்வியை அவள் மனம் தொடக்கூட மறுத்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் எப்படித் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது. வகுப்புகளுக்குப் போகவில்லை. காலையில் டார்ச் அடித்து அவன் கண்ணைப் பார்ப்பாள். வெளிச்சம் கருவிழியில் பட்டு ஒரு புள்ளியாகத் தெரியும்போதெல்லாம் உயிர் போய்த் திரும்பும். "டார்ச்சுதான் அது, பூஞ்சை இல்ல" என்பான் அயூப். கடைக்குப் போகாமல், கண் கூசுவதால் ஜன்னலை மூடிக்கொண்டு, ரேடியோ கேட்டபடி கிடந்தான். அக்தர் வாசலில் நின்று விசாரித்தான். "உள்ள வா" என்று அயூப்தான் குரல் கொடுத்தான். வந்தவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எழுந்து போகிறவரை எந்த மருந்தின் பெயரையும் சொல்லவில்லை.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று பஷீரா வேறு ஒரு வேலை தொடங்கினாள். அடைத்த ஸ்பாஞ்சைப் பிய்த்தெடுத்தாள். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, கீழ் வீட்டு வாசலிலிருந்து மொட்டைமாடிவரை படியேறி இறங்கினாள். மூச்சிரைக்கும்வரை, வேர்வை ஒழுகும்வரை, படி தெரிகிறதா மறைகிறதா என்று பார்த்தாள். துளையைத் திறந்த பிறகும் பட்டை போட்டது புழுக்கத்தில் மூடிக்கொண்டது. கன்னத்தை ஒட்டி வளைந்து, கீழே மட்டும் ஸ்பாஞ்ச் வைத்தது, எத்தனை தடவை ஏறினாலும் தெளிவாகவே இருந்தது. மூக்கோரத்தில் இரண்டு பொட்டுச் சேறு விட்ட அதே கண்ணாடி. அந்த இரண்டு பொட்டோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததால் பயம் குறைந்துவிடவில்லை. கீழ் வீட்டுக்காரர், என்ன மேடம் எக்சர்சைஸா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

வாரக் கடைசியில் ஞானாம்பாள் நீல விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "கோடு மறைஞ்சிருச்சு. வெள்ளை இல்ல. தப்பிச்சீங்க அயூப்" என்றார். பஷீரா அழுதாள். டாக்டர் முன்னால், நர்ஸ் முன்னால், வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அழுதாள். சொல்ல வேண்டியதை வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள். வீட்டில் சொல்லவில்லை. நாளை என்று வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, பல நாள் கழித்து வகுப்பு எடுக்கக் கிளம்பிக் கீழே வந்தாள். ஸ்கூட்டி நின்ற இடத்தில் அயூப் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வண்டியின் பின்சக்கரத்துக்குப் பின்னால், நம்பர் பிளேட்டுக்குக் கீழிருந்து தரையைத் தொடாத குறையாக, கறுப்பு ரெக்சினில் ஒரு தடுப்பு தொங்கியது. இரட்டை மடிப்பு. விளிம்பைச் சுற்றிக் கார் சீட்டுக்குப் போடுவதுபோலப் பொடித் தையல். கல்லோ சேறோ எது தெறித்தாலும் அதைத் தாண்டி வர முடியாது.

பஷீரா அவனுக்கு வலது பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பத் தெரியும்?" என்றாள்.

"அன்னிக்கே. உன் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப டாக்டர்கிட்ட ஏன்..."

"அவங்களுக்கு இன்னாத்துக்கு நம்ம வூட்டு விஷயம்?" கடைசி நட்டை முடுக்கிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். பிறகு, இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவையும் சொல்லாததைச் சொன்னான். "நாளைக்கு நீ முன்னாடி போ பஷீரா. எந்தப் பள்ளம் எவ்ளோ ஆழம்னு ஒத்தக் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. அன்னிக்கு ஒவ்வொரு தபாவும் பயந்துகினுதான் எறங்கினேன். உன் வண்டி எறங்கறதப் பாத்து நான் எறங்கிக்கறேன்."

பஷீரா தலையாட்டினாள். அவன் அப்படியே கீழே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். தான் நிற்பது அவனுக்குத் தெரியாத பக்கம் என்று அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "சரி" என்றாள்.